வரப்பு மூழ்கிய மூன்று நாட்கள்

அறிவியல் கண்காட்சியின் நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எங்கள் ஆய்வுப் பதிவு நோட்டை முன்னிருந்து பின்னாக ஒருமுறை புரட்டினார். பிறகு பின்னிருந்து முன்னாக. கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். தடித்த விரல். நகக்கண்ணில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இந்த மூணு நாளும் பேய் மழை. ஏரி ஒடைஞ்சிடுமோன்னு ஊரே பயந்துக்கிட்டு இருந்துச்சு. வரப்பு தண்ணிக்குள்ள போயிருக்கும். எலி வளைய எப்படிம்மா எண்ணின?"

கேள்வி செலினுக்கு. செலின் என்னோடு பத்தாவது படித்தவள். அந்த ஆய்வை எங்கள் பள்ளியிலிருந்து நாங்கள் இரண்டு பேர் செய்திருந்தோம். செய்தவள் அவள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"எண்ணல சார்," என்றாள். "அன்னிக்கி வரப்பே கண்ணுக்குத் தெர்ல."

"அப்ப இருபத்திமூணு, இருபத்திரெண்டு, இருபத்திமூணுன்னு போட்டிருக்கே. இது என்ன?"

செலின் நோட்டைப் பார்த்தாள். அந்த நோட்டை அவள் சரியாகப் பார்ப்பதே அப்போதுதான். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எங்கள் அறிவியல் சாரைப் பார்த்தேன். சார் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த மூன்று எண்களையும் போட்டது நான்.

ஊக்கம் கேட்ட வாசகர்

இந்தத் தொடரில் இரண்டு வாரம் முன்பு, நான் அறிவியல் ஆசிரியை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். கடலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதிவிட்டார்: 'கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த உங்களுக்கு அறிவியலில் ஆர்வம் எப்படி வந்தது? இன்றைய பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும். விரிவாக எழுதுங்கள்.'

விரிவாகவே எழுதுகிறேன் ஐயா. ஊக்கம் கிடைக்குமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

எனக்கு அப்போது அறிவியலில் ஆர்வமெல்லாம் கிடையாது. இருந்தது நல்ல கையெழுத்து. கரியமாணிக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில், கரும்பலகையில் தினமும் பொன்மொழி எழுதுவது நான். ஆண்டு விழா அழைப்பிதழின் மேலே பெயர் எழுதுவது நான். தலைமையாசிரியர், தான் மேல் அலுவலகத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தைக்கூட என்னைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார். நெல் பார்க்க வரும் வியாபாரியிடம் என் அப்பா என் நோட்டைக் காட்டி, "எம் பொண்ணு எழுதுனது. பிரின்ட் அடிச்ச மாதிரி இல்ல?" என்பார். அவரும் பாவம், நெல் விலை படிய வேண்டுமே, "அதுக்கும் மேல இருக்குது" என்பார்.

செலின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. "நா எழுதறது எனக்குப் புரிஞ்சா போதாதா?" என்பாள்.

போதாது என்பதைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம்.

பீரோவின் மேல் எரிமலை

எங்கள் பள்ளியில் ஓர் எரிமலை இருந்தது. வருடத்தில் ஒருநாள் பீரோவின் மேலிருந்து இறங்கும். சோடா உப்பும் வினிகரும் குங்குமமும் ஊற்றினால் பொங்கும். கண்காட்சி முடிந்ததும் மறுபடி பீரோவின் மேல் ஏறிக்கொள்ளும். விளக்கம் சொல்லும் பிள்ளை மட்டும் வருடா வருடம் மாறும். 'குட் மார்னிங் சார், அவர் டாபிக் ஈஸ்' என்று தொடங்கும் மனப்பாடம் மாறாது. அதன் அர்த்தம் எங்களில் யாருக்கும் தெரியாது. பொங்கினால் கைதட்ட வேண்டும் என்பது தெரியும்.

அந்த வருடம் வேறு மாதிரி ஒரு சுற்றறிக்கை வந்தது. கிராமப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, தினமும் அளந்து, பதிவு செய்து கொண்டுவர வேண்டும். தேர்வாகிறவர்களுக்கு வெளியூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் பத்து நாள் முகாம். சார் வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எரிமலை இருக்கிறதே என்ற தெம்பு அவருக்கு.

செலின் எழுந்து நின்றாள். "சார், எலிய எண்ணலாமா சார்?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சாருக்கும் சிரிப்பு. "எலிய எண்ணி இன்னாடி பண்ணப் போற?"

"வயல்ல ஆந்த வந்து குந்தறதுக்குக் குச்சி நட்டா எலி கொறையும்னு எங்கப்பா சொல்றாரு சார். மெய்யாலுமே கொறையுதான்னு யாரும் எண்ணிப் பாக்கல."

யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இதைவிட நல்ல அறிவியல் வாக்கியத்தை இத்தனை வருட ஆசிரியர் வேலையில் நான் கேட்டதில்லை. அன்றைக்கு நானும்தான் சிரித்தேன்.

செலினின் அப்பா அந்தோணி எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இரண்டு வயல்களும் எங்களுடையவை. ஒன்றில் குச்சி நட்டது, மற்றொன்றில் நடாதது. குழுவில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. நிலமும் கையெழுத்தும் என்னிடம் இருந்ததால் நான் சேர்க்கப்பட்டேன்.

எண்ணியவள்

எலியை யாரும் நேரில் நிற்க வைத்து எண்ண முடியாது. வளையைத்தான் எண்ண வேண்டும். எல்லா வளையிலும் எலி இருக்காது. அதற்குச் செலின் ஒரு வழி வைத்திருந்தாள். சாயங்காலம் வரப்பிலுள்ள எல்லா வளைகளையும் சேற்றால் அடைத்துவிடுவாள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதற்குள் எலி இருக்கிறது. அதை மட்டும் எண்ணுவாள்.

காலை, மாலை, ஐம்பது நாளுக்கு மேல் போனாள். நான் மொத்தமாக நான்கு முறை போயிருப்பேன். நான்காவது முறை ஒரு தண்ணீர்ப் பாம்பைப் பார்த்துவிட்டு, எனக்கு எழுத்து வேலை இருக்கிறது என்று வீட்டோடு இருந்துவிட்டேன்.

அவள் நோட்டு நாற்பது பக்க நோட்டு. மழைக்குப் பால் கவரில் போட்டு இடுப்பில் செருகியிருப்பாள். பென்சிலால்தான் எழுதுவாள், ஈரத்தில் பேனா மை ஊறிவிடும் என்று. 'பதினாலு' என்று எழுதி அடித்திருப்பாள். பக்கத்தில் 'மறுபடி எண்ணினேன், பதினஞ்சு.' இன்னோர் இடத்தில் 'இது நண்டு வளையா எலி வளையா சந்தேகம், சேர்க்கல.' வேறோர் இடத்தில் 'தம்பிக்கு ஜுரம், லேட்டா போனேன்.' பக்கமெல்லாம் விரல் பதிந்த சேறு.

அந்தப் பெருமழை நாட்களுக்கு நேராக மூன்று வரி: 'வரப்பு இல்ல. எண்ணல.' 'வரப்பு இல்ல. எண்ணல.' 'வரப்பு இல்ல. எண்ணல.'

கணக்கு அவள் பக்கம்தான் பேசியது. குச்சி நட்ட வயலில் திறந்த வளைகள் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தன. மற்ற வயலில் அப்படியே இருந்தன.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது. மேலே சயின்ஸ் குரூப் படிக்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவள் அம்மாவும் வேலைக்குப் போகிறவர், தம்பி சின்னவன். அந்தோணி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: "செலக்ட் ஆவட்டும். இவ படிக்கத் தகுந்தவதான்னு பெரிய எடத்துல யாராச்சும் எழுதிக் குடுக்கட்டும். வில்லியனூர்ல எங்க அக்கா வூட்ல வுட்டு நா படிக்க வெக்கிறேன். இல்லாங்காட்டி பத்தாவதோட போதும்."

எனக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் நான் படிப்பேன் என்பது எங்கள் வீட்டில் சாப்பாடு மாதிரி முடிவான விஷயம்.

ஃபேர் காப்பி

நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரஃப் நோட்டு என்பது அழுக்குத் துணி. ஃபேர் நோட்டுதான் வெளியே உடுத்திப் போவது. சிவப்புக் கோடு போட்ட ஓரம், பச்சை மையில் தலைப்பு, பழுப்பு அட்டை, அதன்மேல் லேபிள். சோதனைச்சாலையில் சோதனை செய்யாமலே ஃபேர் நோட்டில் விடை சரியாக வந்திருக்கும். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு சார் செலினின் நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடி இது, வயல்ல பொரட்டி எடுத்தாப்ல?"

"வயல்லதான் சார் எழுதுனது."

"வாயப் பாரு. இத எடுத்துக்கினு போனா நம்ம ஸ்கூலு மானம் போயிடும். வாணி, நீ ஃபேர் காப்பி பண்ணு."

சார் கெட்டவர் இல்லை. எங்கள் பள்ளியிலிருந்து போகும் எதையும் பெரிய பள்ளிக்காரர்கள் ஏளனமாகப் பார்த்துவிடக் கூடாது என்பது அவர் பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அழகாக இருந்தால் மதிப்பார்கள் என்று நம்பினோம்.

மூன்று நாள் எண் இல்லையே என்று கேட்டேன். "காலியா வுட்டா மார்க்கு போவும். மொத நாளு இன்னா இருக்கு, அடுத்த நாளு இன்னா இருக்கு? நடுவுல ஒன்னு போடு. சராசரின்னு கணக்குல படிக்கல?" என்றார்.

போட்டேன். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அத்தனையும் எழுதினேன். அடித்தல்களை எடுத்துவிட்டேன். நண்டு வளைச் சந்தேகத்தை எடுத்துவிட்டேன், அசிங்கமாக இருக்கிறது என்று. தம்பியின் ஜுரத்தை எடுத்துவிட்டேன், அறிவியலுக்கும் ஜுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. செலினிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அப்போதும் வரப்பில் இருந்தாள்.

எழுதி முடித்து நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. ரஃப் நோட்டை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "ரெண்டு இருந்தா கொழப்பம். தூக்கிப் போடு," என்றார் சார்.

தூக்கிப் போடவில்லை. எங்கள் வீட்டுப் பழைய பேப்பர் அடுக்கின்மேல் வைத்தேன். தூக்கிப் போடவில்லை, வைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாரோ ஒருவர் படித்தார்

கண்காட்சி தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தனியார் பள்ளியில் நடந்தது. இரண்டு நாள். எங்களுக்கு இடப்பக்கம் தானாக ஓடும் கார், வலப்பக்கம் பேசும் வீடு. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் பின்னால் நின்று வயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடுவரிடம் திரும்ப வருகிறேன்.

"நானும் விவசாயக் குடும்பம்தாம்மா," என்றார் அவர். "அம்பது நாள் வரப்புல சுத்தின நோட்டுல ஒரு சேத்துக் கறை இல்ல. ஒரு அடித்தல் இல்ல. மொத நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் ஒரே மை. வீட்டுல உக்காந்து எழுதின மாதிரி இருக்கே?"

இவள் போட்டாள் என்று செலின் என்னைக் காட்டியிருக்கலாம். சார் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அவள் இரண்டையும் சொல்லவில்லை.

"ரஃப் நோட்டு இருக்குது சார். வயல்ல எழுதுனது. வூட்ல இருக்குது. அதுல எண்ணலன்னுதான் எழுதியிருக்கேன்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "நாளைக்கு மதியம் நான் வருவேன். கொண்டு வந்து காட்டு. அதப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

பஸ்ஸில் செலின் சந்தோஷமாக இருந்தாள். ஆமாம், சந்தோஷமாகத்தான். "அவுரு படிச்சாருடி! ஒவ்வொரு நாளா பாத்தாரு, பாத்தியா நீ?" என்று மூன்று முறை சொன்னாள். கரிக்கலாம்பாக்கம் தாண்டிய பிறகுதான் கேட்டாள், "அத ஏண்டி போட்ட?"

"சார் சொன்னாரு."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல," என்றாள்.

பொட்டலம்

வீட்டில் பேப்பர் அடுக்கின்மேல் நோட்டு இல்லை. மாட்டுக் கொட்டகையில் அதன் அட்டை மட்டும் கிடந்தது.

"அதுவா?" என்றார் அப்பா. "எலி மருந்து மடிக்கப் பேப்பர் இல்லன்னு காலையில கிழிச்சேன். அந்தோணிதான் பொட்டலம் கட்டி எட்த்துக்கினு போயி வளைக்கு வளை வெச்சிட்டு வந்தான். ஏம்மா, வேணுமா அது?"

எங்கள் பக்கத்தில் பொரியில் எலி மருந்தைப் பிசறி, காகிதத்தில் சின்னப் பொட்டலமாக மடித்து வளை வாயில் வைப்பார்கள். அந்த வயலில் எலி குறைந்துவிட்டது என்று ஐம்பது நாள் எண்ணிக் கண்டுபிடித்த விஷயத்தை, அந்த வயலுக்குச் சொந்தக்காரரிடம் நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு ஆய்வு என்பது பள்ளிக்கூடத்துச் சங்கதி. எலி வயல் சங்கதி.

பொழுது சாய்வதற்குள் செலின் வீட்டுக்கு ஓடினேன். அந்தோணி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், என் அப்பா வயது அவருக்கு. அது எனக்கு உறுத்தாத காலம். விஷயத்தைச் சொன்னேன். செலின் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தோணிதான் பேசினார்.

"அதுல இவ எழுதுனதா இருந்துச்சி? எனக்கு இன்னா தெரியும் பாப்பா. பேப்பருன்னு நெனச்சேன்."

அவருக்குப் படிக்கத் தெரியாது. தன் பெண்ணின் எழுத்தைத் தன் கையாலேயே மடித்து, வளை வளையாக வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிறகு அவரே சொன்னார், "நாதான் வெச்சேன். எது எதுல வெச்சேன்னு எனக்குத் தெரியும். காலையில போவலாம்."

விடிந்ததும் மூன்று பேரும் போனோம். எங்களைத் தொட விடவில்லை. வளை வளையாகக் குனிந்து, குச்சியால் பொட்டலத்தை இழுத்து, பிரித்து, பொரியைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். தாளைச் செலின் குச்சியால் வாங்கி வரப்பில் விரித்து மண்ணாங்கட்டி வைத்தாள். பாதிப் பொட்டலங்களை எலி உள்ளே இழுத்துப் போயிருந்தது. பனியில் நனைந்தும் பென்சில் எழுத்து அழியவில்லை. பதினொரு தாள் தேறியது.

பதினொன்றாவதை விரித்தபோது செலின், "இதாம்பா!" என்று கத்திவிட்டாள். வரப்பு இல்ல. எண்ணல. மூன்று வரியும் இருந்தன.

அந்தோணி அந்தத் தாளைத் தலைகீழாகப் பார்த்தபடி கேட்டார், "இது ஒன்னு போதுமா? இதக் காட்டுனா ஒத்துக்குவாங்களா?" அன்றைய கூலியை விட்டுவிட்டு எங்களோடு பஸ் ஏறினார்.

எலி மருந்து வாசனை

நடுவர் மதியம்தான் வருவார். காலையில் அரங்கைக் கவனித்தவர் ஓர் ஒருங்கிணைப்பாளர் அம்மா. எங்கள் மேசையைக் கடந்தவர் நின்று மூக்கைச் சுளித்தார். எலி மருந்துக்கு அழுகின பூண்டு வாசனை. பிளாஸ்டிக் கவர் அதை எவ்வளவு நேரம் அடக்கும்?

"என்னம்மா இது?"

செலின் உள்ளதைச் சொன்னாள். அவளுக்கு வேறு தெரியாது.

"எலி மருந்தா! சின்னப் பிள்ளைங்க சுத்துற எடத்துலயா?"

அவர் கத்தியது நியாயம். இன்றைக்கு என் வகுப்புக்கு யாராவது அதைக் கொண்டுவந்தால் நானும் கத்துவேன். இடுக்கி கொண்டுவந்து கவரைத் தூக்கி மணல் வாளியில் போட்டு, மேலே மணலைக் கொட்டினார்கள். எங்களைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்கள். சார் ஓடி வந்தார்.

"எனக்குத் தெரியாது மேடம். இந்தப் பொண்ணு தானா பண்ணிடுச்சி."

சார் ஒரு பெண்ணைத்தான் காட்டினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நானும் வாய் திறக்கவில்லை. செலினை, அந்தோணி நின்றிருந்த வாசலுக்கு வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வாளியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நானும் பின்னால் போகத்தான் கிளம்பினேன். அந்த அம்மா மேசைமேலிருந்த என் ஃபேர் நோட்டை எடுத்துப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

"யாரும்மா எழுதினது? நீயா? இவ்வளவு அழகா இருக்கே! சர்டிபிகேட்ல பேர் எழுத ஆள் இல்லாம தவிக்கிறோம். வா, வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன்.

பிரித்துவைத்த சான்றிதழ்கள், புதுப் பேனா, பெயர்ப் பட்டியல். எழுதினேன். ஓடும் கார் செய்த பையன். பேசும் வீடு செய்த பெண். அப்பாக்கள் பெயர் பட்டியலில் இல்லை. பாதி எழுதியிருக்கும்போது நடுவர் வந்தார். நேராக எங்கள் மேசைக்குப் போனார். காலி மேசை. சுற்றுமுற்றும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் அவருக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது.

எழுந்து போய், சார், அவ வெளியில நிக்கிறா, தாள் வாளியில இருக்கு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நான் ஒரு பெயரின் நடுவில் இருந்தேன். நிறுத்தினால் மை காய்ந்து, ஒட்டுப் போட்ட இடம் தெரியும். அந்தப் பெயரை முடித்துவிட்டு எழலாம் என்று நினைத்தேன். முடித்து நிமிர்ந்தபோது அவர் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தார். பின்னால் ஓடியிருக்கலாம். அடுத்த சான்றிதழை எடுத்தேன்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

தேர்வானவர் பட்டியல் வாசிக்கப்பட்டது. அதில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இல்லை. செலின் பத்தாவதோடு நின்றாள். பதினெட்டு முடிந்ததும் திருபுவனையில் ஒரு கம்பெனியில் அட்டைப் பெட்டி மடிக்கும் வேலைக்குப் போனாள். நான் சயின்ஸ் குரூப் எடுத்தேன். நல்ல நோட்டு வைத்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். இன்று எங்கள் பள்ளிக்கு ரோபோ செய்யும் பெட்டிகள் வருகின்றன, ஆய்வகம் வருகிறது. 'வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்' என்று மேடையில் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பேசுகிறேன். அறிவியலில் எனக்கு ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்ட வாசகரே, வந்த கதை இதுதான். வர வேண்டியவளுக்கு அது முதலிலேயே இருந்தது.

பஸ் நிறுத்தம்

பெயர் எழுதி முடித்து வெளியே வந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. சார் தன் வண்டியில் எப்போதோ போய்விட்டார். செலினும் அந்தோணியும் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

தவளக்குப்பம் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மூன்று மணி நேரமாக நின்றிருக்கிறார்கள். நான்கு பஸ்ஸை விட்டிருக்கிறார்கள்.

"தனியா எப்படிப் பாப்பா வுட்டுட்டுப் போறது? அப்பாருக்கு நா இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார் அந்தோணி.

செலின் என் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் மை.

"எத்தினி பேரு எழுதுன?"

"நாப்பத்திரெண்டு."

"எண்ணுனியா, சும்மா போட்டியா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. எதையும் அப்படிக் கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். பஸ் வந்து நின்றது. அந்தோணி ஓரமாக ஒதுங்கி எனக்கு முதலில் வழிவிட்டார். நான் எண்ணியிருக்கவில்லை.